பாய்க்கு அடியில் இருந்தவர்

என் புத்தகத்தில் ஒரு தகவல் பிழை கண்டுபிடித்துத் தருகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்று இருபத்துநாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒருவர்தான் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். வெலிங்டனில் ஒரு ஓய்வுபெற்ற மாலுமி. சவாயி தீவுக்குப் போகும் படகு அந்த வருடம் ஆறு மணிக்குக் கிளம்பியது, நீங்கள் எழுதியதுபோல ஆறரைக்கு இல்லை என்று பழைய கால அட்டவணையையே கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்த பதிப்பில் திருத்திவிட்டேன். மனிதர் மீனும் உருளைக்கிழங்கும் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதனால்தான் செஃபினா, போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கேட்டபோது என்னால் உடனே தலையாட்ட முடியவில்லை. கோயில் முடிந்து வெள்ளை உடையோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலைப் பொட்டலம் ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுவந்தாய். சாப்பிடுவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"பெரியப்பா, ரெண்டே வரி போதும். 'அன்னிக்கு நான் சரியாப் பாக்கல, ஆளைத் தப்பாச் சொல்லிட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஊர்ச்சபையில படிச்சுக் காட்டினா அப்பாவை நம்ம ஊர் வைதோலோவுலயே புதைக்க விடுவாங்க. பௌலோ சித்தப்பா பக்கத்துலயே இடம் இருக்கு. டாக்டர் ரெண்டு வாரம்னு சொல்லிட்டாரு."

"உங்கப்பன் கேக்கச் சொன்னானா?"

"அவரா? உங்களைத் தொந்தரவு பண்ணாதேன்னுதான் சொன்னாரு. 'மலாக்கி பட்டணத்துல இருந்து வந்தவன், வெயில்ல கண்ணு கூசியிருக்கும், பாய்க்கடியில இருட்டு வேற. அவன் என்ன வேணும்னா சொன்னான், பாவம்'னு. முப்பது வருஷமா இதையேதான் சொல்றாரு."

என்னைப் பாவம் என்று சொல்ல உன் அப்பா சவேலியோ யார்? அன்றைக்கு எனக்கு வயது முப்பத்தாறு. ஐம்பத்தைந்து வயதுவரை நான் கண்ணாடியே போட்டதில்லை. ஆளைத் தப்பாகப் பார்த்தேன் என்று நான் எழுதித் தந்தால் அது பொய். என் கையெழுத்தோடு ஒரு பொய் ஊர்ச்சபையில் வாசிக்கப்படுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போன பிறகு மேசையில் உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக எழுதி எழுதி அப்படிப் பழகிவிட்டது.

நான் ஆக்லாந்துக்கு வந்தது 1984-இல். அதற்குமுன் நம் நாட்டுத் தலைநகர் அப்பியாவில் ஒரு பத்திரிகையில் ஏழு வருடம் இருந்தேன். நான்கு பக்கப் பத்திரிகை, அதில் இரண்டு பக்கம் சாவு அறிவிப்பு. இருந்தாலும் நான் கடைவீதியில் நடந்தால் வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள். இங்கே வந்ததும் ஒட்டாஹூஹூவில் இறைச்சி ஆலையில் வேலை. ஒன்பது வருடம் ஆட்டுத்தோல் உரித்தேன். சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்காக ஒருவர் நடத்திய வாரப் பத்திரிகையில் எழுதினேன். அதையும் யார் செத்தார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் வாங்கினார்கள். கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்தால், "எழுத்தாளர் வந்துட்டாரு, வாயை மூடுங்கடி, நாளைக்கு நம்ம சண்டையெல்லாம் பேப்பர்ல வந்துரும்" என்று சிரிப்பார்கள். சிரிப்பில் கொஞ்சம்கூடப் பயம் இருக்காது. எனக்கு அது பொறுக்கவில்லை.

விட்லாக் என்று ஒரு வெள்ளைக்காரர், பெரிய நாளிதழில் ஞாயிறு இணைப்புக்கு ஆசிரியர். அவர் மேசைக்கு மாதம் ஒருமுறை போவேன். நம் ஆட்களின் கல்யாணம், குடும்பத் தலைவர் பட்டமேற்பு, பாட்டுப் போட்டி என்று எழுதிக் கொண்டுபோவேன். படித்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுப்பார். "நல்லா எழுதறே மலாக்கி. ஆனா இதுல ஒண்ணும் நடக்கலையேப்பா" என்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தன் தொழில் தெரிந்த மனிதர்.

பௌலோ செத்த செய்தி ஒரு வியாழக்கிழமை வந்தது. உன் அப்பாவின் தம்பி, என் சித்தி மகன், இருபத்துநாலு வயது. சவாயி தீவில், வைதோலோவில் நம் வீட்டுக்கு எதிரே கடற்கரைச் சாலையில் பிக்கப் வண்டி அடித்துவிட்டது. ஓட்டியவன் அதே ஊரில் இன்னொரு குடும்பத்தின் தலைவரான துய்லோமாவின் அக்கா மகன், குடித்திருந்தான். நான் சாவுக்குப் போகக் கிளம்பினேன். போகிற வழியில் விட்லாக்கைப் பார்த்து, அந்தக் குடும்பம் மன்னிப்புக் கேட்டு இஃபோங்கா உட்கார வரும், விடிவதற்குமுன் வந்து தலைமேல் நெய்த பாயைப் போர்த்திக்கொண்டு எங்கள் வாசலில் உட்காருவார்கள், படத்தோடு எழுதித் தருகிறேன் என்றேன். அவர் யோசித்தார்.

"மன்னிச்சுட்டா?"

"பாயை எடுத்துட்டு உள்ள கூப்பிடுவாங்க. பேசுவாங்க, அழுவாங்க, சாப்பிடுவாங்க."

"அப்ப நாலு வரி. மன்னிக்கலைன்னா?"

"அது நடக்கறதே இல்லை."

"நடந்தா ரெண்டு பக்கம் தர்றேன்" என்றார் விட்லாக். மனிதர் என்னைத் தூண்டினார் என்று நான் சொல்லவில்லை. விலையைச் சொன்னார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். நான் எழுந்தபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வாசல் சரளைக்கல்மேல் பதினெட்டு பேர், ஆறு பாய்கள். தங்களை அடுப்பில் வைத்துச் சுட்டாலும் சரி என்று காட்டுவதற்காக விறகும் இலையும் அடுப்புக்கல்லும் அவர்களே சுமந்து வந்து முன்னால் வைத்திருந்தார்கள். உள்ளே தட்டிகளை இறக்கிவிட்டு நம் குடும்பம் உட்கார்ந்திருந்தது. நடுவில் குடும்பத் தலைவர் லெயாதா, அவர் வலப்பக்கம் உன் அப்பா சவேலியோ.

லெயாதா மன்னிக்கத்தான் இருந்தார். அதை நான் என் புத்தகத்தில் எழுதவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த மாதிரி வரும்போது குற்றம் செய்த குடும்பத்தின் தலைவரே முன் பாய்க்கடியில் உட்கார வேண்டும். கீழே உள்ள ஒருவரை அனுப்பினால், உன் பிள்ளையின் உயிருக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று முகத்தில் சொன்னதற்குச் சமம். துய்லோமாவுக்கு எழுபத்தொரு வயது, முட்டி வீங்கிக் கிடக்கிறார், தனக்குப் பதிலாகத் தங்கை புருஷன் ஃபெத்தூவை அனுப்பியிருக்கிறார் என்று முந்தின நாளே யாரோ புரளி கிளப்பிவிட்டிருந்தார்கள். பாய் போர்த்தியிருப்பதால் உள்ளே யார் என்று தெரியாது. லெயாதா எழுந்துபோய்ப் பார்க்க முடியாது, அது அவருக்குக் கௌரவக் குறைவு. உன் அப்பாவை அனுப்பினால் என்ன செய்வானோ என்ற பயம். கழுத்தில் கேமராவோடு வீட்டுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான். படம் எடுக்கிறவனுக்கு மானம் மரியாதை பார்க்க வேண்டியதில்லை என்று எல்லோரும் அப்போதே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"மலாக்கி, முன்னால உக்காந்திருக்கறது யாருன்னு பாத்துட்டு வா" என்றார். "அவரேன்னா பாயை எடுத்துரலாம். பௌலோ போயிட்டான். இன்னும் எத்தனை நாள் இதைச் சுமக்கறது."

நான் போனேன். மணி ஒன்பதே கால், வெயில் ஏறிவிட்டது. குந்தி உட்கார்ந்து முன் பாயின் ஓரத்தை ஒரு கையகலம் தூக்கினேன். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. துய்லோமாதான். வலது புருவத்தில் பழைய வெட்டு, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மலாக்கியா? உங்கம்மா எப்படிப்பா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இருக்காங்க ஐயா" என்றேன்.

பாயை இறக்கி ஓரத்தைச் சரிசெய்தேன். அங்கிருந்து நேராக வீட்டுக்குள் போகவில்லை. தென்னைமரத்தடியில் என் பை இருந்தது. கேமராவில் நாலு படம்தான் மிச்சமிருந்தது. அந்தச் சுருளைக் கழற்றிவிட்டுப் புதுச்சுருள் மாட்டினேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. இதைச் சொல்லக் காரணம், ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று நீயும் உன் அப்பாவும் எனக்காகப் பரிதாபப்படக் கூடாது என்பதுதான். அந்த இரண்டு நிமிடமும் நான் ஒட்டாஹூஹூவின் தோல்நாற்றத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய், "துய்லோமா இல்லை. ஃபெத்தூதான்" என்றேன்.

லெயாதா, "நல்லாப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"சரி. உக்காந்திருக்கட்டும்" என்றார். நான் எதிர்பார்த்ததும் அதுதான். பொழுதுசாயும்வரை உட்காருவார்கள், பாய் எடுக்கப்படாது, தலைகுனிந்து திரும்பிப் போவார்கள், எனக்கு இரண்டு பக்கம் கிடைக்கும், பிறகு எப்படியும் பெரியவர்கள் பேசிச் சரிசெய்துகொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். அநியாயமான கணக்கு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

உன் அப்பாதான் அதைக் கெடுத்தான். தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவர்களே கொண்டுவந்து வைத்திருந்த கற்களில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தான். நான் அவனுக்கு எட்டடி தூரத்தில் இருந்தேன். கத்தியிருக்கலாமே என்று கேட்பாய். "டேய், அது துய்லோமாடா" என்று ஒரு வாக்கியம் போதும், அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் படம் எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், செஃபினா. கத்தினால் கை ஆடிவிடும்.

ஒரே அடி. பாயை விலக்கிப் பார்த்தவன் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "ஐயா, நீங்க இல்லைன்னு சொன்னாங்களே, நீங்க இல்லைன்னு சொன்னாங்களே" என்று அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். அதையும் படம் எடுத்தேன். விட்லாக் முதல் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார், கல் தலைக்குமேல் இருக்கிறதே, அது. மூன்று பக்கம் தந்தார். அடுத்த மாதம் ஆலைக்குப் போய் என் ரப்பர் காலணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றே ஊர்ச்சபை கூடிற்று. பாய்க்கடியில் இருந்தவரை அடித்த குடும்பத்துக்கு இந்த மண்ணில் இடமில்லை என்று தீர்ப்பு. வீட்டைக் கொளுத்தினார்கள், பன்றிகளையும் சேப்பங்கிழங்குத் தோட்டத்தையும் அழித்தார்கள். உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு முதல் படகில் ஏறினாள். லெயாதா அப்பியாவில் ஒரு வாடகை வீட்டில் அடுத்த வருடமே செத்தார். சாவதற்குமுன் என்னையும், காவலோடு உன் அப்பாவையும் கூப்பிட்டு, "மலாக்கி தப்பாப் பாத்துட்டான். அவனும் நம்ம பிள்ளைதான். இது நம்ம குடும்பத்தைத் தாண்டக்கூடாது" என்றார். சவேலியோ அவர் பாதத்தில் கைவைத்து, "தாண்டாது" என்றான். நீதிமன்றத்தில் வக்கீல் எவ்வளவு கேட்டும் யார் சொன்னது என்று அவன் வாயைத் திறக்கவில்லை, அதனால் ஆள் தெரியாமல் அடித்தேன் என்றதை ஊரும் நம்பவில்லை. பதினாறு வருடம் சிறையில் இருந்தான். நான் அவனை மூன்று முறை போய்ப் பார்த்தேன், புத்தகத்துக்காக. ஒவ்வொரு முறையும், "உனக்குத் தூக்கம் வருதாடா? நீ மனசுல வச்சுக்காதே" என்று என்னைத் தேற்றி அனுப்பினான். மடையன்.

புத்தகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்திருப்பாய். பாய் ஏன் எடுக்கப்படவில்லை என்று எழுபது பக்கம் எழுதியிருக்கிறேன். துக்கம், கௌரவம், வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாராயம், நிலத்தகராறு, எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் உண்மைதான், சரிபார்த்தது. கடைசியில் நான் லெயாதாவின் காலில் விழுந்து பாயை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதாக ஒரு காட்சி வரும். அது ஒன்றுதான் நடக்காதது. சிட்னியில் அதை வாசித்தபோது முதல் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

நீ இதையெல்லாம் படித்துவிட்டு என்னை என்னவென்று நினைப்பாய் என்று தெரியும். நினைத்துக்கொள். ஆனால் யோசித்துப் பார். வைதோலோ என்ற பெயரை இன்றைக்கு லண்டனில் படிக்கிறார்கள். முட்டி வீங்கி ஐந்தாறு வருடத்தில் செத்திருக்க வேண்டிய ஒரு கிழவரை, பேரப்பிள்ளை காலத்துக்கும் மறக்க முடியாத மனிதராக ஆக்கினேன். உன் அப்பா மீன்பிடித்துக் குடித்துச் செத்திருப்பான். நீ நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தபோது யாருடைய பரிந்துரைக் கடிதம் வேலை செய்தது? அந்தக் காலையில் பாய் எடுக்கப்பட்டிருந்தால் சேப்பிலை தின்று கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் போயிருப்பார்கள். ஒரு எழுத்தாளன் பிறந்திருக்க மாட்டான். நான் யாருக்கும் மன்னிப்புச் சொல்ல வேண்டியதில்லை, எந்தப் பாய்க்கடியிலும் உட்காரவும் மாட்டேன்.

ஆகவே நீ கேட்ட இரண்டு வரி கிடையாது. அதற்குப் பதிலாக உண்மையைத் தருகிறேன்: முன்னால் உட்கார்ந்திருந்தவர் துய்லோமா. எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொன்னேன். சபையில் இதைப் படித்தால் உன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைப்பார்கள்.

நேற்று நீ போனில் கேட்டாய், "பெரியப்பா, எழுதிட்டீங்களா? அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு" என்று. "எழுதிக்கிட்டுதான் இருக்கேம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. என் இரண்டாவது புத்தகத்தை யாரும் வாங்கவில்லை, மூன்றாவதைப் பதிப்பகமே வாங்கவில்லை. பதினொரு வருடமாக ஒரு பக்கம்கூட உருப்படியாக வரவில்லை. நீ வந்துபோன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன், கை நிற்கவே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாளாயிற்று. பதிப்பாளருக்கு முதல் இருபது பக்கம் அனுப்பினேன், முடிவு என்ன என்று கேட்டிருக்கிறாள்.

அதுதான் இன்னும் நடக்கவில்லை. இதை உன்னிடம் இப்போதே கொடுத்தால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆகையால் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இதை நீ படிக்கும்போது அடக்கம், எந்த ஊரில் என்றாலும், முடிந்திருக்கும். அப்பியாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், படகில் சவப்பெட்டியோடு நானும் வருகிறேன். துறையில் ஊர்க்காரர்கள் நிற்பார்கள். உன் அப்பாவை இறக்க விடுகிறார்களா, திருப்பி அனுப்புகிறார்களா என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். நீ பயப்படாதே, செஃபினா. இந்தத் தடவை நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.